பதினாறு வயதுப் பிள்ளையும் வெள்ளிமலையும்

"எங்கே போகலாம்?" என்றால் உதட்டைப் பிதுக்குகிற வயது அது. சகோதரிகளே, இந்த முறை பிரயாணத் திட்டத்தைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். கள்ளக்குறிச்சியில் பெட்ரோல், கோமுகி அணையருகே கட்டுச்சோறு, பிறகு கல்வராயன் மலை ஏற்றம் என்று அவனே எழுதட்டும். வளைவுகளில் வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழம் உங்கள் பொறுப்பு! பெரியார் அருவி சாலையோரத்திலேயே இருக்கிறது. மேகம் அருவிக்கோ நடக்க வேண்டும். போவதா வேண்டாமா என்பதை அவன் சொல்லட்டும். அப்பா வாயைத் திறக்கக் கூடாது! அடுத்த வருஷம் ஹாஸ்டலுக்குப் போகிறவன். வீட்டில் கதவைச் சாத்திக்கொள்பவன், காரின் முன் ஆசனத்தில் தானாகவே பேசுவான். குறுக்கிடாமல் கேளுங்கள். இறங்கும் நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இருட்டிய பிறகு அந்த மலைப்பாதை வேண்டாம்.