மண்டபமா, பொந்தா?

சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பிலே மாணவன் ஒருவன் ஆங்கிலப் பாடமொன்றை உரத்து வாசித்தான். கூட்டம் மண்டபத்தில் நடந்தது என்பது வாக்கியம். அவன் நாவிலோ கூட்டம் பொந்துக்குள் நடந்தது! வகுப்பு நகைத்தது, நாமும் நகைத்துவிட்டோம். அதன்பின் அத்தவணை முடியும்வரை அவன் எழுந்து வாசிக்கவேயில்லை. அவனது பிழை சிறிது. எமது பிழையே பெரிது.

அவன் தவறியதேன்? மண்டபத்தைக் குறிக்கும் சொல்லையும் பொந்தைக் குறிக்கும் சொல்லையும் நாம் தமிழில் 'ஹோல்' என்றே எழுதுகிறோம். எழுத்து ஒன்றானால் செவியும் ஒன்றெனவே கொள்கிறது. தமிழில் உயிர் 12. ஆங்கிலத்தில் உயிரெழுத்து 5 ஆயினும், தென்னிங்கிலாந்துக் கற்றோர் வழக்கில் உயிரொலிகள் ஏறத்தாழ 20. ஆதலின் நமது ஓகாரம் ஒன்றே அங்கு இரண்டு ஒலிகளின் சுமையைத் தாங்க நேர்கிறது. இம்மயக்கத்தை 'நொட்பொட்' ஆங்கிலம் என எள்ளுவோரும் நம் நாட்டில் உளர்.

எள்ளலால் ஒலி திருந்தாது. வாயின் தொழிலை அறிவதால் திருந்தும். அகர ஆகாரங்கள் வாய் திறப்பதாலும், உகர ஓகாரங்கள் இதழ் குவிவதாலும் பிறக்கும் எனத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துள்ளார். அம்முறையையே இங்கும் கைக்கொள்வோம்.

மண்டபத்தைச் சொல்லுங்கால், ஆகாரத்தை நோக்கித் தாடையைச் சற்றுத் தாழ்த்தி, இதழைச் சிறிது குவித்து, அவ்வுயிரொலி முடியும்வரை அந்நிலையிலேயே நிறுத்துக. பொந்தைச் சொல்லுங்கால், வாய் அவ்வளவு திறவாது. தொடங்கிய ஒலி உகரத்தை நோக்கி நகர, இதழ் மேலும் குவியும். கண்ணாடி முன் நின்றால் இவ்வேறுபாடு கண்ணுக்கே புலனாகும். சட்டமாகிய 'லோ', தாழ்வாகிய 'லோ'. பிடித்தான் எனப் பொருள்படும் 'கோட்', மேலங்கியாகிய 'கோட்' ஆகிய இணைகளும் இத்தகையனவே.

எகரத்திலும் இவ்வாறு ஒரு மயக்கம் உண்டு. எழுதுகோலாகிய 'பென்' நமது எகரத்துக்கு அண்மையது. தாச்சியாகிய 'பான்' என்பதற்கோ ஆகாரம் பொருந்தாது. எகரத்தைத் தொடங்கும் நிலையிலேயே நாவை வைத்து, தாடையை மட்டும் நன்கு தாழ்த்துக.

மாணவர்காள், முதலிற் செவி, பின்னரே நா. வீட்டில் ஒருவர் இணையில் ஒரு சொல்லைச் சொல்ல, மற்றவர் பொருளைக் கூறட்டும். பொருள் மாறினால் இருவரும் மீண்டும் முயல்க. பெற்றோரே, பிள்ளை தவறும்போது நகையாதீர்கள். தமிழ் கற்கும் ஆங்கிலேயருக்குக் கலையும் களையும் ஒன்றாகக் கேட்பது இயல்பு. அதற்காக அவரை நாம் அறிவிலி என்பதில்லையே!

அடுத்த தவணையில் எமது பிழையை வகுப்பின் முன் ஒப்புக்கொண்டு, அனைவருக்கும் இப்பயிற்சியை அளித்தோம். மூன்றாம் நாள் அம்மாணவன் தானாகவே எழுந்து வாசித்தான். கூட்டம் மண்டபத்திலேயே நடந்தது.