மெமரி இல்லையா? இல்லை என்று சொல்லித் தொலையுங்கள்!

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியில் இரண்டு லாட்ஜ்காரர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இருக்கிற ரூமுக்கு மட்டும்தான் டோக்கன் போடுவார். தீர்ந்துவிட்டால் "ரூம் இல்லீங்க" என்று கவுண்டரிலேயே முடித்துவிடுவார். இன்னொருவர் கேட்கிற எல்லோருக்கும் டோக்கன் கொடுப்பார். எல்லோருமா வந்து தங்கப்போகிறார்கள் என்ற தைரியம்! 365 படி ஏறி இறங்கிய கூட்டம் மொத்தமும் ராத்திரி வந்து நின்றால்? இருப்பதிலேயே அதிக இடம் பிடித்திருக்கும் குடும்பத்தை மூட்டை முடிச்சோடு வெளியே தள்ளுவார்.

முதல் ஆள் விண்டோஸ். இரண்டாவது ஆள் லினக்ஸ். வெளியே தள்ளுகிறவர் பெயர் ஓஓஎம் கில்லர்.

இதை வைத்து புரோகிராமர்கள் மத்தியில் ஒரு சோம்பேறி வாதம் ஓடுகிறது. "லினக்ஸில் மாலக் தோற்கவே தோற்காது. அப்புறம் எதற்கு நல் செக் பண்ணவேண்டும்?"

முதலில், அது பொய். ராம், ஸ்வாப் இரண்டையும் கூட்டினாலும் பத்தாத அளவை ஒரே மூச்சில் கேட்டால் லினக்ஸும் கையை விரித்துவிடும். யூலிமிட் போட்டிருந்தாலும் அப்படித்தான். ஓவர்கமிட் செட்டிங்கை 2 என்று மாற்றினால் லினக்ஸும் கணக்குப் பார்த்துத்தான் டோக்கன் கொடுக்கும்.

இரண்டாவது, எழுதிய கோடு லினக்ஸிலேயே குடியிருக்கப்போவதில்லை. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்புகளில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே மெஷின், இரண்டு குணம்! செக் பண்ணாத புரோகிராம் விண்டோஸ் பக்கம் "இல்லை" என்ற பதிலைக் கேட்ட நொடியே விழும். போவது புரோகிராமரின் வேலையா? இல்லை... ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிராஜெக்ட் ரிப்போர்ட் டைப் செய்த மாணவனின் வேலை.

"ஒவ்வொரு சின்ன மாலக்குக்கும் மீட்பு வழி எழுத முடியுமா?" நியாயமான கேள்விதான். எழுதவேண்டாம். 40 பைட் கூட கிடைக்காத நேரத்தில் ஒழுங்காக நின்றுபோவதில் தப்பில்லை. ஆனால் பயனர் திறக்கும் பெரிய படம், பெரிய ஃபைல் வேறு கதை. அங்கே "இதைத் திறக்க மெமரி போதாது" என்று ஒரு வரி சொன்னால் போதும், மற்ற வேலை பிழைக்கும். ஜிலிப் லைப்ரரியில் இதற்கென்றே இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஜி_மாலக் தோற்றால் புரோகிராமை நிறுத்தும், ஜி_ட்ரை_மாலக் நல் திருப்பித் தரும்.

செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். எஸ்க்யூலைட் டீம் டெஸ்ட் பண்ணும்போது முதல் மாலக், இரண்டாவது மாலக், மூன்றாவது மாலக் என்று ஒவ்வொன்றாக வேண்டுமென்றே தோற்கடித்துப் பார்க்கிறது. 2022-ல் ஃபயர்ஃபாக்ஸ், விண்டோஸ் "இல்லை" என்றதும் உடனே சாகாமல் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்க ஆரம்பித்தது. அதற்குள் விண்டோஸ் பேஜ் ஃபைலைப் பெரிதாக்கிவிடும். கிராஷ் வெகுவாகக் குறைந்தது.

ஓஓஎம் கில்லர் வந்தால்? அது சொல்லிவிட்டு வராது. அதனால்தான் அவ்வப்போது தானாக சேவ் செய்யவேண்டும் என்பது.

"இல்லை" என்பது பிழை அல்ல, பதில். அதைக் காதில் வாங்காத புரோகிராமரை எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் காப்பாற்றாது!