பேசப் பயப்படும் தோழர்

மில்லில் பத்து வருஷ சர்வீஸ். வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால், கூட்டத்தில் "எழுந்து பேசுங்கள்" என்றால் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. நாலு பேர் பார்க்க டீக் குடிக்கவும் கூசுகிறார். கூலியில் குறை விழுந்தாலும் கேளாமல் திரும்பி விடுகிறார். இப்படிப்பட்டவர்கள் மில்லிலும் உண்டு, வயலிலும் உண்டு. நாம் என்ன சொல்கிறோம்? "கோழை" என்கிறோம், "தலைக்கனம்" என்கிறோம். இரண்டும் தவறு.

நியாயம் கேட்டால் வேலை போய்விடும் என்று அஞ்சுவது நோயல்ல. அதற்குக் காரணம் கண்ணெதிரே நிற்கிறது. அந்தப் பயத்துக்கு மருந்து ஒற்றுமை. ஆனால், "பார்ப்பவர்கள் சிரிப்பார்களே" என்ற பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, பிழைப்பையும் உறவையும் முடக்கினால், அது நோய். சமூகப் பதற்ற நோய் என்பது அதன் பெயர். 1966ல் பிரிட்டனில் மார்க்ஸ், கெல்டர் என்ற இரு டாக்டர்கள் இதை மற்றப் பயங்களிலிருந்து பிரித்துக் காட்டினர். 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது இடம் பெற்றது. பெரும்பாலும் வாலிபம் அரும்பும் வயதிலேயே தொடங்குகிறது.

ஒதுங்குவதுதான் இந்நோய்க்குத் தீனி. இன்று கூட்டத்துக்குப் போகாவிட்டால் மனசுக்கு நிம்மதி. நாளை பயம் இரட்டிப்பு. சாராயம் தைரியம் தருவதுபோல் காட்டி, இன்னொரு விலங்கை மாட்டும்.

வைத்தியம் உண்டு. பயப்படும் காரியத்தைப் படிப்படியாகச் செய்து பழகுவது ஒன்று: முதலில் இரண்டு பேரிடம், பிறகு ஐந்து பேரிடம், பிறகு கூட்டத்தில் ஒரு கேள்வி. "என் கை நடுங்குகிறதா" என்று தன்னையே பார்ப்பதை விட்டு, எதிரே இருப்பவர் பேச்சைக் கவனிக்கவும் பயிற்சி தருகிறார்கள். தேவையானால் டாக்டர் மாத்திரை தருவார். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். தானாக நிறுத்தக் கூடாது.

இது பணக்காரர் வைத்தியமா? இல்லை. 2017ம் வருஷத்து மனநலச் சட்டம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனநல சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு இலவசம். 2022 முதல் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம். மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இல்லையென்றால், கேட்டு வாங்க வேண்டியது நம் கடமை.

தோழர்களே! பேசத் தயங்குபவரைக் கேலி செய்யாதீர்கள். பலவந்தமாக மேடையில் ஏற்றாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போங்கள். மௌனமாக இருப்பவருக்கும் சொல்ல நியாயம் உண்டு; அது வெளிவர வழி செய்வோம்!