நீலகிரி லீலி

புனித சூசையப்பர் சுரூபத்தின் கையில் வெண்ணிற லீலி மலரைக் காணாத கத்தோலிக்கக் குடும்பம் இல்லை. அம்மலரின் இனத்தைச் சேர்ந்த ஒன்று நம் மலைகளிலேயே காட்டுச் செடியாய்ப் பூக்கிறது என்பதை அறிந்தவர் சிலரே.

நீலகிரி லீலி என்பது அதன் பெயர். 1853-ஆம் ஆண்டில் ராபர்ட் வைட் என்னும் தாவரவியல் அறிஞர் இப்பெயரைச் சூட்டினார். உலகில் ஏறத்தாழ 100 வகை லீலிகள் உள்ளன. தென்னிந்தியாவில் இயற்கையாய் வளர்வது இஃது ஒன்றே. நம் மாநில மலராகிய செங்காந்தள் வேறு குடும்பத்தைச் சார்ந்தது. நீலகிரி, பழனி முதலிய உயர்ந்த மலைகளில், பாறையும் புல்லும் கலந்த சரிவுகளில் இது வாழ்கிறது. மண்ணுக்குள் செதில் அடுக்கிய கிழங்காய் உறங்கி, மழைக்காலத்தில் ஒரு சாண் நீளமுள்ள, எக்காளம் போன்ற வெண்மலரை விரிக்கும்.

இதன் உயிர் புல்வெளியில் இருக்கிறது. பள்ளங்களில் சோலைக்காடும், மேட்டுச் சரிவுகளில் புல்லும் வளர்வதே அம்மலைகளின் இயல்பு. இதனை உணராதோர் புல்வெளியைத் தரிசு என்று எண்ணித் தைல மரத்தையும், தோல் பதனிடப் பட்டை தரும் சீகை மரத்தையும் நட்டனர். பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததென்று 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டுகிறது.

பிறரை மட்டும் குறை கூறுவானேன்? குருப்பட்டம் பெற்ற புதிதில் மலைப்பங்கு ஒன்றில் உதவிக் குருவாய் இருந்தபோது, இளைஞர்களைத் திரட்டி, 'வெறுமையாய்'க் கிடந்த சரிவொன்றில் சீகைக் கன்றுகளை நாமே நட்டோம். குழி வெட்டுகையில் மண்வெட்டியில் சிக்கிய கிழங்குகளை எடுத்தெறிந்தோம். அவை எவையென்று கேட்கத் தோன்றவில்லை. புண்ணியம் செய்ததாகவே மகிழ்ந்தோம்.

சென்ற ஆவணியில் மீண்டும் அங்கே சென்றோம். மரங்கள் ஓங்கி நின்றன. அடியில் இருளும் சருகுமே இருந்தன. குழி வெட்ட இயலாதென்று அன்று நாம் விட்டுவிட்ட பாறை விளிம்பில் மட்டும், சிறிது புல்லின் நடுவே, இரண்டு லீலிகள் பூத்திருந்தன. வெகுநேரம் பேச்சின்றி நின்றோம்.

நன்மை செய்ய நல்ல மனம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். சேசு சபைக் குரு கே. எம். மத்தேயு பழனி மலைத் தாவரங்களைப் பற்றி 1999-இல் மூன்று பாகங்கள் கொண்ட நூலை வெளியிட்டார். செடிகளைத் தேடிச் சென்று, பார்த்து, பெயரறிந்து எழுதிய அவரது பொறுமையில் ஒரு பங்கேனும் அன்று நமக்கு இருந்திருக்கலாம்.

பெற்றோர்களே, கோடையில் பிள்ளைகளுடன் மலைக்குச் செல்கிறீர்கள். எந்தக் கிழங்கையும் தோண்டி எடுத்து வராதீர்கள். மலைக்குளிரில் வாழ்வது நம் ஊர் வெயிலில் மடிந்துபோகும். புல் மூடிய மேட்டைக் கண்டால், "இது வெறும் நிலம் அன்று" என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நமக்கு அதனைச் சொல்வார் அன்று இல்லை.