இடுப்பு இளைக்கட்டும், தோள் இளைக்க வேண்டாம்



தைப்பூசம் நல்லபடியாக நிறைவேறியிருக்கிறது. பினாங்கு தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளையும் ஏறி இறங்கிய கால்களுக்கு இப்போதுதான் வலி விட்டிருக்கும். வாரக்கணக்கில் ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் சைவம் என்று விரதம் இருந்தவர்கள் பலருக்குச் சட்டை தொளதொளத்துப் போயிருக்கும். "நன்றாக இளைத்துவிட்டீர்களே!" என்று நான்கு பேர் சொல்லும்போது மனம் நிறையத்தான் செய்யும். உங்கள் மகிழ்ச்சியில் பங்குகொண்டபடியே ஒன்று கேட்கிறேன்: இளைத்தது கொழுப்பா, தசையா?

தராசுக்கு இது தெரியாது. நான்கு கிலோ போனால் நான்கு என்று காட்டும், அவ்வளவுதான். உணவை மட்டும் குறைத்து இளைப்பவர்களிடம், போகும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசுக்களிலிருந்து, முக்கியமாகத் தசையிலிருந்து, கழிகிறது. பட்டினி கடுமையாகவும் அவசரமாகவும் இருந்தால் அந்தப் பங்கு இன்னும் கூடலாம். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் கொழுப்பு சட்டென்று வந்து ஒட்டிக்கொள்ளும். தசை அப்படித் தானாக வருவதில்லை. உழைத்துத்தான் அதைச் சம்பாதிக்க வேண்டும்.

நம்மவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு படம் வெளிவந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3தான். பார்த்தால் இருவரையும் குண்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் உடலில் இருந்த கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! மெலிந்த கை கால், குறைந்த தசை, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு. இந்திய வம்சாவளியினர் பலருக்கு அமைந்த உடல்வாகு இது. நமக்கு இனிப்புநீர் இளம் வயதிலேயே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டு நிலவரத்தையும் பாருங்கள். சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகளின்படி, அதிக எடையோ உடல்பருமனோ கொண்ட மலேசியப் பெரியவர்கள் 2011இல் 44.5 விழுக்காடு, 2023இல் 54.4 விழுக்காடு. 2019 ஆய்வில் இந்தியர்களிடையே இது 63.9 விழுக்காடாக, மற்ற இனத்தவரைவிட உயர்ந்து நின்றது. இந்த எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. இதற்குள் இருப்பவர்கள் நம் அண்ணன்மார், அக்காமார், நம் பிள்ளைகள்.

சாப்பிட்டபின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சர்க்கரை எங்கே போகும்? அதனால்தான் தசையை இழந்து பெறும் மெலிவு நமக்கு லாபமே இல்லை என்கிறேன்.

பினாங்குச் சாப்பாட்டைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, குறைசொல்லவும் தேவையில்லை. நாசி கண்டார் பிறந்த வரலாறு நமக்குத் தெரியும். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் குழம்பையும் தோளில் தடி வைத்துச் சுமந்து வந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். சுமந்து விற்றவருக்கும் உழைப்பு, வாங்கி உண்டவருக்கும் உழைப்பு. பொழுதெல்லாம் மூட்டை தூக்கிய உடம்புக்கு அந்தச் சோறு தகும். நாம் அதே சோற்றை உண்டுவிட்டுக் கணினி முன் உட்கார்கிறோம். உணவு மாறவில்லை, சுமை மட்டும் நம் தோளிலிருந்து இறங்கிவிட்டது.

உணவைப் பற்றி எச்சரிக்கும் குரல் இந்தத் தீவில் நெடுங்காலமாகவே ஒலிக்கிறது. 1969இல் தொடங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும், அதற்குப் பல்லாண்டு தலைமை தாங்கி 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களும், சீனியைக் குறையுங்கள் என்று சலிக்காமல் சொல்லி வந்தார்கள். தே தாரேக்கில் விழும் இரண்டு மேசைக்கரண்டி இனிப்புப் பாலிலேயே நூறு கலோரிக்கு மேல் இருக்கிறது. பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கோசோங்' என்று கேட்கப் பழகினால் அது மிச்சம். ஆனால் சீனியைக் குறைப்பது பாதி வேலைதான். தசைக்குத் தீனியும் வேலையும் கொடுப்பது மறுபாதி.

முதலில் தீனி. கால் தட்டு சோறு, கால் தட்டு புரதம், அரைத்தட்டு காய்கறி பழம் என்று அமைச்சு சொல்லும் 'சுகு சுகு செபாரோ' முறை நமக்கும் நன்றாகப் பொருந்தும். நாசி கண்டார் கடையிலும் இதைச் செய்யலாம்: சோறு பாதி, குழம்பைப் 'பாஞ்ஜிர்' என்று வெள்ளமாக ஊற்றச் சொல்லாமல் ஓரமாகக் கொஞ்சம், வெண்டைக்காய், முட்டை, பொரிக்காத மீனோ கோழியோ. எடையைக் குறைக்கும் நாட்களில், ஆரோக்கியமானவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வேண்டும். அறுபது கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 70 கிராமுக்குக் குறையாமல். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. சமைத்த கோழி நெஞ்சுக்கறி நூறு கிராமில் சுமார் 30. சாம்பாரில் கரைந்த பருப்பை மட்டும் நம்பினால் கணக்கு எட்டாது. சைவ உணவு உண்பவர்களுக்கு இங்கே தௌஃபு, தெம்பே, தயிர், கொண்டைக்கடலை எல்லாமே எந்தச் சந்தையிலும் கிடைக்கின்றன.

இங்கே ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிட உட்காரும் அம்மாவின் தட்டைப் பாருங்கள். சோறும் மீதமிருக்கும் குழம்பும்தான் பெரும்பாலும் இருக்கும். மீன் துண்டு எல்லாருக்கும் போய்விட்டிருக்கும். மாதவிடாய் நின்றபின் தசையும் எலும்பும் வேகமாகக் குறையும் வயதில் அவருக்குத்தான் அந்தத் துண்டு முதலில் போக வேண்டும்.

அடுத்தது வேலை. தாவரவியல் பூங்காவிலும் கர்னி கடற்கரையிலும் காலை நடை போகும் வாசகர்கள் பலர். நடையை விடாதீர்கள், இதயத்துக்கு அது மருந்து. ஆனால் இளைக்கும் காலத்தில் தசையைக் காக்க நடை மட்டும் போதாது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன, உடல்பருமன் கொண்ட 160 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. உணவைக் குறைத்துப் பயிற்சி செய்த மூன்று குழுவினரும் சுமார் 9 விழுக்காடு எடை இழந்தார்கள். நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பல்லாத எடை 5 விழுக்காடு போயிற்று. பளு தூக்கியவர்களுக்கு 2 விழுக்காடுதான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 3 விழுக்காடு. அன்றாட உடல் இயக்கத்தில் மிகுந்த முன்னேற்றம் கண்டவர்களும் அவர்களே.

உலகச் சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி செய்யச் சொல்கிறது. ஜிம்முக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலேயே தொடங்கலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். சுவரில் கை பதித்துத் தள்ளுங்கள். ஐந்து கிலோ அரிசிப் பையை இரு கையாலும் பிடித்து, முதுகு வளையாமல் இடுப்புவரை தூக்கி இறக்குங்கள். பன்னிரண்டு முறை சுலபமாக வந்துவிட்டால் சுமையைக் கூட்டுங்கள். கூட்டாவிட்டால் தசை வளராது. எடை வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். நள்ளிரவு தாண்டி மாமாக் கடையில் உட்காரும் வழக்கத்தையும் விடுங்கள்; உறக்கம் குறைந்தால், இளைக்கும்போது கொழுப்பு குறைவாகவும் தசை கூடுதலாகவும் கரையக்கூடும்.

இனிப்புநீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

இந்த மாதம் தராசைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அளவுநாடாவை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். அரை நிமிடத்தில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்பதையும் எண்ணி, இரண்டையும் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து முதல் எண் இறங்கி, இரண்டாவது ஏறியிருந்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள். தனியாகத் தொடங்காதீர்கள். வீட்டில் உள்ள அத்தனை பேரையும், முக்கியமாக அம்மாவை, சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்