ஆகாய மார்க்கமும் கரியமில வாயுவும்

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே சுமார் 5,500 கிலோமீட்டர் தூரம். இந்த அட்லாண்டிக் மார்க்கத்தில் நாள்தோறும் பல விமானங்கள் போய்வருகின்றன. தூரம் ஒன்றேயாயினும் எல்லா விமானங்களும் ஒரே அளவு எண்ணெயைச் செலவழிப்பதில்லை. ஒரு கிலோ விமான எண்ணெய் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. ஆகவே, எந்த மார்க்கத்தில் எந்த விமானத்தை விடுவது என்பது கம்பெனிகளின் லாப நஷ்டக் கணக்கு மாத்திரமன்று. பூமியின் உஷ்ணம் ஏறுவதால் துன்புறும் மக்கள் அனைவரையும் பற்றிய விஷயமாகும்.

சிக்கனம் சாத்தியம் என்பதற்கு இந்த மார்க்கமே சாட்சி. சுமார் நூறு பிரயாணிகளுக்காக ஏராளமான எண்ணெயை விழுங்கிய கான்கார்டு விமானம் 2003-ல் ஓய்வு பெற்றது. நான்கு எஞ்சின்கள் கொண்ட போயிங் 747 விமானங்களை பிரிட்டிஷ் ஏர்வேஸ் கம்பெனி 2020-ல் விலக்கிவிட்டது. இப்போது பறக்கும் போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றுக்கு எஞ்சின்கள் இரண்டே. முந்திய விமானங்களைவிட எண்ணெய்ச் செலவு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. கூட்டம் குறைந்த மார்க்கங்களுக்குப் பெரிய விமானமும் வேண்டியதில்லை. ஸ்பெயின் தேசத்து ஐபீரியா கம்பெனி 2024-ல் சிறிய ஏ321 எக்ஸ்எல்ஆர் விமானத்தை மாட்ரிட்டிலிருந்து பாஸ்டனுக்கு விட்டது.

எண்ணெய் மிச்சமானால் பணமும் மிச்சம். எனவே கம்பெனிகள் தாமே இதைச் செய்துகொள்ளும் என்று சிலர் சொல்லலாம். அது பாதி உண்மையே. எண்ணெய் விலை இறங்கும்போது பழைய விமானங்களை ஓட்டுவதே லாபமாகிவிடுகிறது. தவிரவும், புதிய விமானத்தை வாங்கி அதில் பாதி இடத்தைச் சில செல்வர்களின் படுக்கை ஆசனங்களுக்கு ஒதுக்கினால், தலைக்கு ஆகும் எண்ணெய் எங்ஙனம் குறையும்?

1997-ம் வருஷத்து கியோட்டோ உடன்படிக்கை சர்வதேச விமானங்களின் புகையை எந்த நாட்டின் கணக்கிலும் சேர்க்கவில்லை. சர்வதேச சிவில் விமான ஸ்தாபனத்தின் பொறுப்பில் விட்டது. அந்த ஸ்தாபனம் 2017-ல் தான் விமானங்களுக்குக் கரியமில வாயு அளவுத் திட்டம் வகுத்தது. அதுவும் புதிதாகச் செய்யப்படும் விமானங்களுக்கே. ஏற்கெனவே பறப்பவற்றை அது தொடுவதில்லை. ஒரு விமானமோ இருபது, இருபத்தைந்து வருஷங்கள் பறக்கக் கூடியது. 2050-க்குள் நிகரப் புகையை ஒழிப்பதென்று 2022-ல் செய்த தீர்மானம் இவ்விதம் நிறைவேறுமா?

ஒவ்வொரு மார்க்கத்திலும் எந்த விமானம் பறக்கிறது, பிரயாணி ஒருவருக்கு எவ்வளவு எண்ணெய் ஆகிறது என்பதைக் கம்பெனிகள் பகிரங்கப்படுத்தவேண்டும். டிக்கட் வாங்குவோர் அதை முன்கூட்டியே அறியவேண்டும். அதிகப் புகை விடும் விமானங்களுக்கு விமான நிலையங்கள் அதிகக் கட்டணம் விதிப்பதே நியாயம். ஆகாயம் எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை என்பதால் அது எல்லோருடைய குப்பைத்தொட்டியும் ஆகிவிடலாகாது. விமானத்தில் ஒருநாளும் ஏறியிராத கோடிக்கணக்கான ஏழை மக்களும் அந்த ஆகாயத்தின் கீழ்தான் வாழ்கிறார்கள் என்பதைச் சம்பந்தப்பட்ட சர்க்கார்கள் மறவாதிருக்குமாறு வற்புறுத்துகிறோம்.