மைதானத்துக் கம்பிக்கு யார் பெயின்ட் அடிப்பது?

பொங்கல் நெருங்கினால் நாம் சும்மா இருப்போமா? கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படி கைப்பிடி என்று எல்லாவற்றையும் தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டுத்தான் மறுவேலை. ஆனால், நம் பிள்ளைகள் தினமும் பந்து விளையாடுகிற மைதானத்தின் இரும்புத் தடுப்புகளை மட்டும், 'அதெல்லாம் பஞ்சாயத்து பார்த்துக்கும்' என்று விட்டுவிடுகிறோம்.

கும்மிடிப்பூண்டி பக்கம் இருக்கும் சகோதரிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பழவேற்காடு பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில் பெயின்ட் உரிந்த இரும்பு தாங்காது. ஒரு மழைக்காலம் போதும், துரு ஏறிவிடும். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அப்படியொரு கம்பியில் முழங்கையைக் கிழித்துக்கொண்டு, ஊசி போட்டுக்கொண்டு வந்தான்.

'வரி கட்டுறோமே, நாம ஏன் சும்மா உழைக்கணும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஜெர்மனியில், கிழக்கு பெர்லினில் யூனியன் பெர்லின் என்று ஒரு கால்பந்து கிளப். மைதானம் பழசாகிவிட்டது, புதுப்பிக்கப் பணமில்லை. 2008-ல் ரசிகர்களே வேலையில் இறங்கினார்கள். தொழில் தெரிந்தவர்கள் வழிகாட்ட, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறக்குறைய 1,40,000 மணி நேரம் கூலி வாங்காமல் உழைத்தார்கள். 2009 ஜூலையில் மைதானம் திறந்தது. உழைத்தவர்களின் பெயர்களைப் பொறித்து வாசலில் ஒரு நினைவுச் சின்னமே வைத்திருக்கிறார்கள். 'இது என் மைதானம்' என்கிற எண்ணம் இப்படித்தான் வரும். தன் கையால் பூசிய கம்பியில் எவனும் போஸ்டர் ஒட்டமாட்டான். ஒட்ட வருபவனையும் விடமாட்டான்.

அதற்காக எல்லாவற்றையும் நம் தலையில் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. பெயின்ட் அழகு தரும், துருவைத் தடுக்கும்; பலம் தராது. 1989-ல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்டம் நெரிந்து, தடுப்புக் கம்பி ஒன்று சரிந்தது. அந்த நெரிசல் 97 உயிர்களைக் கொண்டுபோனது. ஆகவே ஆட்டம் காணும் தூண், அடி அரித்துப்போன கம்பி, வெல்டிங் விட்ட மூலை இவற்றை நாம் தொடக்கூடாது. மனு எழுதி, உரியவர்களைக் கொண்டே மாற்ற வைக்க வேண்டும். ஓட்டையை பெயின்ட் பூசி மறைப்பது உதவியல்ல, பாவம்.

கம்பி உறுதியாக இருந்தால், மேல்வேலை நம்முடையது. அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம். தை, மாசி வெயில்தான் சரி. கம்பி பிரஷ், உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, துணியால் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட்டிங். நன்றாகக் காய்ந்தபின் எனாமல் இரண்டு கோட்டிங். மண்ணை ஒட்டிய அடிப்பாகத்தை மறக்காதீர்கள், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டு உபயோக பெயின்ட்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் ஈரம் வைத்தே தேய்க்கணும், மூக்கைக் கட்டிக்கணும், சின்னப் பிள்ளைகளைக் கிட்டவே விடக்கூடாது.

தேய்ப்பது, பூசுவது எல்லாம் அங்கே ஆடும் பையன்களும் பார்க்க வரும் ரசிகர்களும் செய்யட்டும். நாம் காசு சேர்த்து, கணக்கு எழுதி, கூடவே ஆளுக்கொரு பிரஷ்ஷும் பிடிப்போம். மைதானம் ஆண்களுக்கு மட்டும் எழுதி வைத்ததா? தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் ஆனது. அந்த யூனியன் பெர்லின் கிளப்பிலேயே 2023-ல் மேரி-லூயிஸ் எட்டா என்ற பெண் ஆண்கள் அணிக்குத் துணைப் பயிற்சியாளர் ஆனார். அம்மாக்கள் நாலு பேர் நிற்கிற மைதானத்துக்குத்தான் நம்ம வீட்டுப் பெண்ணும் தைரியமாகப் பந்தை எடுத்துக்கொண்டு போவாள்.

என்ன சகோதரிகளே, உங்கள் ஊர் மைதானத்துக் கம்பி எப்படி இருக்கிறது? ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி.